சொல்லும் சுட்டும்: காவிரிப் படுகை வானொலி காட்சிப்பட்ட வரலாறு

கேட்பதற்கென்றே ஆக்கப்பட்ட நிகழ்ச்சியைக் காண்பதற்குரியதாகவும் ஆக்கித் தருதல் இற்றைநாளில் வானொலி நிலையங்களின் வழக்காகி வருகின்றது. ஒலிபரப்பறையின் சுவரிலும் விதானத்திலும் சிறு காமிராக்கள் பொருத்தப்படுகின்றன. அவற்றின் பின்னே நிற்பார் ஒருவரும் இலர். அடுத்த அறையில் அமர்ந்திருக்கும் ஒருவர் சிறு பிடியொன்றை அசைத்து அவற்றை இடவலமாகத் திருப்புகின்றார், மேல்கீழாகச் சாய்க்கின்றார், சேய்மையை அண்மையாக்குகின்றார். சிலவிடத்து அவரும் வேண்டாதவர் ஆகின்றார். எவர்முன் உள்ள ஒலிவாங்கியில் குரல் எழுகின்றதோ அவர் முகத்தைத் தானே தேர்ந்து காட்டும் எந்திரமும் உண்டு. இத்தகைய காமிராவை ஈண்டு எந்திரக் காமிரா என வழங்குவோம்.

இதனைப் பொறியியலார் ஆராய்வர், இதழியலாரும் ஆராய்வர். தமிழ்த்துறையினர் இதன்கண் ஆராயத்தக்கது யாது எனின், மொழிக்கு நேர்வது யாது என்பதே. வானொலி தன்னைக் கேட்போர்க்குப் பொருளைச் சொல்லால் காட்டிற்று. ஒலிபரப்பறையுள் பொருத்தப்பட்ட காமிராவோ பொருளைக் காட்டுவதில்லை. பொருளைச் சொல்லும் வாயைக் காட்டுகின்றது. வாய் காணப்படுமிடத்துச் சொல் சுருங்குகின்றது. பெயர் நின்ற இடத்தில் சுட்டு வந்து அமர்கின்றது. இக்கருத்தை நிறுவுதற்குத் தஞ்சையும் அதனைச் சூழ்ந்த காவிரிப் படுகையும் தரும் வரலாற்றுச் சான்றுகளை யாம் எடுத்துக்கொள்கின்றோம். வானொலியால் பெயர் பெற்ற நெல்லும், வானொலியால் நாடெங்கும் கேட்கப்பட்ட விழாவும் உடையது இந்நிலப்பகுதி ஆகலின்.

வரலாறு கூறுமுன் இலக்கணத்தை ஒருமுறை நினைவுகூர்தல் நலம். அ, இ, உ என்னும் மூன்றையும் தொல்காப்பியர் சுட்டு என்றார். இகரம் அண்மையையும் அகரம் சேய்மையையும் உகரம் இடைமையையும் சுட்டுதல் மாணவரும் அறிந்தது. உகரச் சுட்டு தமிழகத்து வழக்கில் வீழ்ந்தது. யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வாழ்கின்றது. சுட்டுக்கு உயிர் தருவது பேசுவோனும் கேட்போனும் ஓரிடத்தில் நிற்றல். ஓரிடத்தில் இல்லாதார்க்கு ‘இது’ என்றல் ஒன்றும் சொல்லாமைக்கு ஒப்பாகும். கிளவியாக்கத்தில் தொல்காப்பியர் வகுக்கும் முறையொன்று இங்கே பெரிதும் பயன்படுகின்றது. ஒருவரைக் குறிக்கும் இயற்பெயரும் சுட்டுப்பெயரும் வினைகொள்ளும் நிலையில் ஒருங்கு வருமாயின், இயற்பெயரே முன்னர்க் கூறப்பெறல் வேண்டும். சுட்டுப்பெயர் அதன்வழி வருதல் வேண்டும். செய்யுளில் மட்டும் இம்முறை மாறுதற்கு இசைவு உண்டு. பெயரால் அறியப்பட்ட பின்னரே சுட்டு பொருள் தரும் என்னும் உண்மை இவ்விதியின் அடியில் கிடக்கின்றது. உரையாசிரியர்கள் பண்டறிசுட்டு என்று பிரித்தோதும் வகையும் இதனோடு இயைவதே. வானொலிக்குக் கிடைத்த சுட்டு பண்டறிசுட்டு ஒன்றே என்பது எம் துணிபு. முன்னர்ப் பெயர் சொல்லியன்றி அது எதனையும் சுட்ட இயலாது.

வானொலி படுகைக்கு வந்தமை

சென்னையில் 1924-இல் கிருஷ்ணசாமிச் செட்டியார் முதலியோர் தோற்றுவித்த வானொலிக் கழகமும், 1930 ஏப்ரல் முதல் நாளில் மாநகராட்சி தொடங்கிய ஒலிபரப்பும் நகரத்தார்க்கே உரியனவாய் இருந்தன. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 சூன் 16-இலும், திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே 16-இலும் தோன்றின. இப்பின்னைய நிலையமே காவிரிப் படுகைக்கு வாயாகவும் செவியாகவும் அமைந்தது. கல்லணைக்குக் கீழ்ப்பட்ட ஊர்களில் வானொலிப் பெட்டி வைத்திருந்தார் மிகச் சிலர். ஆயினும் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒரு பெட்டி இருந்தது. அதன் ஒலிபெருக்கி கம்பத்தின்மேல் இருந்தது. மாலையில் ஊர் முழுதும் ஒரே குரலைக் கேட்டது. வீட்டுத் திண்ணையில் இருந்தாரும், களத்தில் நெல் தூற்றினாரும், குளத்துப் படியில் கால் கழுவினாரும் கேட்டனர். கேட்டற்கு எவரும் தம் தொழிலை நிறுத்த வேண்டியிருந்ததில்லை. கேள்வியின் இவ்வியல்பு பின்னர் வேண்டப்படும். ஆதலின் ஈண்டே குறித்துக்கொள்கின்றோம்.

மேட்டூர் அணை 1934-இல் நிறைவுற்றது. சூன் 12-இல் அணை திறத்தல் மரபாயிற்று. அணையின் நீர்மட்டம் இத்துணை அடி, வரத்து இத்துணை கன அடி, வெளியேற்றம் இத்துணை கன அடி என வானொலிச் செய்தியில் சொல்லப்படும் மூன்று எண்களைப் படுகை உழவன் கேட்ட முறை வியத்தற்குரியது. முழு மட்டம் 120 அடி என்பதனை அவன் அறிவான். ‘தொண்ணூறு அடி’ என்னும் ஒலி காதில் விழுந்த அளவில், வெண்ணாற்றின் கடைமடையில் நாற்றுவிடலாமா, இன்னும் பத்துநாள் பொறுக்கலாமா என்று அவன் உள்ளத்தில் ஒரு காட்சி எழும். கண்ணால் காணாத அணையை எண்ணால் கண்டவன் அவன். சொல் காட்டும் என்பதற்கு இதனின் எளிய சான்று வேண்டுவதில்லை.

இந்நிலையில் 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்திற்கு நாட்டில் முதற்கண் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்றாயிற்று. வானொலியை உழவர்க்குக் கல்விக்கருவி ஆக்கும் முயற்சி அதற்கு முன்னரே, 1956-இல், அக்காலப் பம்பாய் மாநிலத்தின் 5 மாவட்டங்களில் யுனெஸ்கோவின் துணையோடு செய்து பார்க்கப்பட்டது. ஊரார் கூடிக் கேட்டு, கேட்டதைத் தமக்குள் பேசி, ஐயத்தை எழுதி நிலையத்திற்கு அனுப்புதல் அம்முறை. செப்பும் வினாவும் என்னும் இரண்டும் இங்கே முறைமாறி, செப்பு முன்னும் வினா பின்னுமாக நடந்தன எனலாம். 1966-இல் வானொலி நிலையங்களில் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் அமையத் தொடங்கின. பின்னாளில் வானொலிப் பண்ணைப் பள்ளி என்று பாடம் பாடமாக ஒலிபரப்பி, வினாத்தாள் விடுத்து, விடையை அஞ்சலில் பெறும் முறையும் வந்தது.

ரேடியோ நெல்

ஆடுதுறையில் 1922-இல் தோன்றிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ஆடுதுறை 27 என்னும் நெல்வகை, சப்பான் நாட்டு நோரின் 10-ஐயும் நம் நாட்டு ஜி.இ.பி. 24-ஐயும் கலந்து ஆக்கியது. ஏறத்தாழ 105 நாளில் முற்றுவது; குறுவைக்கு ஏற்றது. 1960-களின் நடுவில் இது படுகையெங்கும் பரவியபோது உழவர் இதனை ஆடுதுறை 27 என்று வழங்கிலர். ‘ரேடியோ நெல்’ என்றே வழங்கினர். வானொலியால் மட்டுமே இது பரவிற்று என்று கூறுதல் மிகையாகும். விதையும் உரமும் கடனும் ஊர்தோறும் சென்ற அலுவலரும் இல்லையேல் வெறுங்குரல் என் செய்யும்? ஆயினும் மக்கள் பெயரிடுங்கால் விதையைத் தந்த நிலையத்தை விட்டு, விதையைச் சொன்ன கருவியைப் பெயராக்கினர் என்பது வரலாற்று மாணவனால் கடந்து செல்லத்தக்கதன்று. பொருளைத் தமக்குக் காட்டியது எதுவென அவர்கள் கருதினரோ அதன் பெயரே பொருளுக்கு ஆயிற்று. இஃது ஆகுபெயருள் எவ்வகைத்து என்று மாணவர் ஆராயலாம். கருவியாகுபெயர் என்பாரோடு யாம் மாறுபடோம்.

குரல் மட்டும் கொண்டு பயிரின் நிலையை உழவனுக்குக் காட்டுதல் எளிதன்று. அதற்கு வானொலிக்குக் கைகொடுத்தது தமிழின் வேளாண் சொல்வளம். நாற்றங்கால், சேடை, நாற்றுமுடி, தூர்கட்டுதல், பொதி, தொண்டைக்கதிர், பால்பிடித்தல் என்னும் ஒவ்வொரு சொல்லும் பயிரின் ஒரு பருவத்தைக் காட்டும் படம். இவற்றைக் கேட்ட உழவன் ‘எத்தனையாம் நாள்’ என்று வினவ வேண்டுவதில்லை. நோய்க்கும் பூச்சிக்கும் இட்ட பெயர்கள் இன்னும் சிறந்தன. நெற்குருத்து வெங்காயத் தாளைப்போல் குழலாய் நீண்டு வெளிறி நிற்பின் அது யானைக்கொம்பை ஒத்துத் தோன்றும்; அதனைச் செய்யும் ஈ ஆனைக்கொம்பன். வயலில் வட்டவட்டமாகப் பயிர் தீய்ந்து புகைந்தாற்போல் காய்ந்தால் தூரில் இருப்பது புகையான். நடுக்குருத்து வாடி, பிடித்து இழுத்தால் கையோடு வரின் குருத்துப்பூச்சி. இப்பெயர்கள் உவமையை உள்ளடக்கியவை. பெயரைச் சொன்னாலே காட்சி எழும். வானொலி உரை எழுதினோர் இவற்றைப் புதிதாகப் படைத்திலர்; உழவர் நாவிலிருந்து எடுத்து, அடையும் உவமையும் கூட்டி, எல்லா ஊரார்க்கும் பொதுவாக்கினர். வட்டாரச் சொற்கள் இவ்வாறு ஒரு பொதுமை எய்தியமை தமிழ் உரைநடை வரலாற்றில் ஓர் இயலுக்குரிய செய்தி. உரைநடை வரலாறு எழுதினோர் மேடைப்பேச்சையும் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்ட அளவிற்குப் பண்ணை இல்ல ஒலிபரப்பை எடுத்துக்கொண்டிலர். அதனை ‘இலக்கியம்’ அன்று எனத் தள்ளியமையே காரணம் போலும்.

காட்சி புகுந்தமை

தொலைக்காட்சி தில்லியில் 1959 செப்டம்பர் 15-இலும் சென்னையில் 1975 ஆகஸ்டு 15-இலும் தொடங்கிற்று. 1976 ஏப்ரல் முதல் நாளில் தூர்தர்சன் வானொலியினின்றும் தனித் துறையாகப் பிரிக்கப்பட்டது. சென்னை அலை படுகையை எளிதில் எட்டவில்லை. 1982-இல் இலங்கையின் ரூபவாகினி தோன்றியபின், கடற்கரை மாவட்டங்களில் நெடிய கம்பங்களில் அலைவாங்கி கட்டிக் கடலுக்கு அப்பாலிருந்து காட்சி கண்டோர் பலர். சென்னை நிலையத்தின் ‘வயலும் வாழ்வும்’ பின்னரே இப்பகுதி வீடுகளுக்கு வந்தது.

தொலைக்காட்சி வந்தமையாலேயே மொழி கெட்டது என்று கூறுவார் கூற்று எமக்கு உடன்பாடன்று. பயிரின் பசுமையில் எத்துணை வேறுபாடு உண்டோ அத்துணைக்கும் தமிழில் சொல் இல்லை, எம்மொழியிலும் இல்லை. இலைவண்ண அட்டையை இலையோடு ஒட்டிப் பிடித்துத் தழைச்சத்து வேண்டுமா என அறியும் முறையை வானொலியால் முற்றக் கற்பித்தல் அரிது. காட்சியால் ஒரு நொடியில் கற்பிக்கலாம். குலைநோயின் கண்வடிவப் புள்ளியையும், அதன் நடுவே உள்ள சாம்பல் நிறத்தையும், விளிம்பின் பழுப்பையும் ஒருமுறை கண்டவன் மறவான். அந்நிகழ்ச்சிகளில் காமிரா ஒருவர் தோளில் ஏறி வயலுக்குச் சென்றது, வரப்பில் நடந்தது, இலையருகே குனிந்தது. அங்கே ‘இது’ என்று உழவர் சுட்டினார் எனின், சுட்டப்பட்ட பொருள் காண்போர் கண்முன் இருந்தது. அச்சுட்டு பொருளுடைய சுட்டு.

எந்திரக் காமிராவின் நிலை வேறு. அது வயலுக்குச் செல்லாது. அறையை விட்டு நீங்காமையே அதன் இலக்கணம். இதன் பிறப்பை அறிய ஒருகால் படுகையை விட்டு மேலைநாடு செல்ல வேண்டியிருக்கின்றது.

வானொலி நிகழ்ச்சியைக் காட்சியாகவும் தருதல் அமெரிக்காவில் 1948-இலேயே நிகழ்ந்தது. அவ்வாண்டு மார்ச்சு 20-இல் தாஸ்கனீனி நடத்திய வானொலி இசையரங்கு தொலைக்காட்சியிலும் காட்டப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில் ஆர்தர் காட்பிரே என்பாரின் திறனறி நிகழ்ச்சி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒருங்கே வரலாயிற்று. அவற்றில் காமிராவின் பின் ஆள் இருந்தார். ஒலிபரப்பறையோ சிறியது, ஓசை புகாவண்ணம் இரட்டைக் கதவும் துளையிட்ட சுவரும் உடையது. அதனுள் காமிராவோடு மூவர் நுழைந்தால் காலடியோசையும் மூச்சோசையும் ஒலிவாங்கியில் விழும், விளக்கின் வெப்பம் பேசுவோரை வாட்டும், கூலியும் மிகும். ஆளில்லாக் காமிரா இம்மூன்று இடர்களையும் நீக்கிற்று. ஓவர்டு இசுடர்ன் என்பாரின் வானொலி நிகழ்ச்சி 1994 முதல் 2005 வரை எந்திரக் காமிராக்களால் படமாக்கப்பட்டுத் தொலைக்காட்சியில் வந்தது. டான் ஐமசு என்பாரின் காலை நிகழ்ச்சி 1996 முதல் 2007 வரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒருங்கே வந்தது.

இவற்றினும் எம் ஆராய்ச்சிக்கு அணித்தாயது ஆங்கில நாட்டுப் பொதுமக்கள் அவையின் வரலாறு. அவையின் நடவடிக்கைகள் 1978 முதல் வானொலியில் முறையாக ஒலிபரப்பாயின. காட்சிக்கு அவை இசைந்தது பதினோராண்டு கழித்து, 1989 நவம்பரில். அப்போது பொருத்தப்பட்டவை தொலைவிலிருந்து இயக்கப்படும் காமிராக்களே. தொடக்கத்தில் வகுத்த விதிகள் கடுமையானவை. பேசுவோரின் தலையும் தோளும் மட்டுமே காட்டப்பெறலாம். கேட்போர் முகத்தில் எழும் குறிப்பினைக் காட்டலாகாது. பின்னர் இவ்விதிகள் நெகிழ்ந்தன. இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. காமிரா எதனைக் காட்டலாம் என்பதனை ஓர் அவை கூடி ஆராய்ந்து விதித்தது. நம் ஒலிபரப்பறைகளில் அவ்விதியை விதிப்பது யார்? குரல் எழுந்த திசைக்குத் திரும்பு என்று எந்திரத்திற்கு ஒருமுறை கட்டளையிட்டாயிற்று, அஃதே விதியாயிற்று.

தமிழில் இவ்வழக்கு தனியார் பண்பலை நிலையங்கள் பெருகியபின் வேரூன்றியது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் தலையில் செவிக்கருவியோடு ஒலிவாங்கியின்முன் இருந்து பேசும் காட்சிகள் இணையத்தில் நாளும் ஏறுகின்றன. மலேசியாவின் ராகா, சிங்கப்பூரின் ஒலி 968 ஆகிய தமிழ் வானொலிகளும் இவ்வழியில் செல்கின்றன. 2014 அக்டோபர் 3 முதல் ஒலிபரப்பாகும் தலைமை அமைச்சரின் ‘மனதின் குரல்’ வானொலி உரையாக இருந்தும் தூர்தர்சனிலும் காட்டப்படுகின்றது. குரலுக்குப் பின்னே பேசப்படும் பொருள்களின் படங்களை ஓடவிடுவர். முகத்தைக் காட்டுதலினும் இம்முறை மேம்பட்டது. ஆயினும் இதற்கு ஆளும் பொருளும் நாளும் வேண்டும். சிறு நிலையம் எந்திரக் காமிராவையே நாடும், அதனைக் குறைகூறுதற்கில்லை.

பெயர் பெயர்ந்த இடம்

மொழியில் நேரும் மாற்றத்தை விளக்க, ஓர் அறிவுரையை இருவகையாக அமைத்துக் காண்போம். இரண்டும் எம்மால் அமைக்கப்பட்டவை. வகைமையைக் காட்டுதல் ஒன்றே நோக்கம். செவிக்கென்றே எழுதப்படும் உரை பின்வருமாறு அமையும்: “நட்டு இருபது நாள் சென்ற குறுவைப் பயிரில், தூரின் நடுவே வெங்காயத் தாள் போன்ற வெளிறிய குழல் ஒன்று நீண்டிருக்கக் கண்டால், அஃது ஆனைக்கொம்பன். அக்குருத்தில் கதிர் வாராது.” இதில் ‘அஃது’ என்னும் சுட்டும், ‘அக்குருத்து’ என்னும் சுட்டும் முன்னர்ச் சொல்லப்பட்டதனையே சுட்டி நிற்கின்றன. இரண்டும் பண்டறிசுட்டின்பாற்படும்.

அதே அறிஞர் அதே அறையில் காமிராவின்முன் அமர்கின்றார் எனக் கொள்வோம். கையில் பறித்து வந்த பயிர் ஒன்றும் இருக்கின்றது. அவர் பேசுவது பெரும்பாலும் இவ்வாறு அமையும்: “இது இப்படி இருந்தால் இந்தப் பூச்சிதான். இந்த இடத்தில் பாருங்கள். இது வந்துவிட்டால் இதில் கதிர் வராது.” மூன்று சிறு தொடர்களில் ஆறு சுட்டுகள்; பூச்சிக்குப் பெயர் இல்லை; உவமை இல்லை; பருவம் இல்லை. காமிராவோ குரலைத் தொடர்ந்து சென்று முகத்தில் நிற்கின்றது. மேசைமேல் உள்ள கை அதன் எல்லைக்குக் கீழே கிடக்கின்றது. காண்போனுக்குக் கிடைப்பது அறிஞர் முகம். கேட்போனுக்குக் கிடைப்பது பொருளற்ற இகரம். காட்சியும் இல்லை, சொல்லும் இல்லை. பேசினவரைக் குறைகூறலாகாது. தம்மைக் காண்கின்றனர் என்று அறிந்த அளவில் எவர்க்கும் கை எழும். கை எழுந்த அளவில் நாவு ஓயும். இது மக்கள் இயல்பு. கேட்போனும் தானும் ஓரிடத்தில் நிற்பதாகப் பேசுவோனை மயக்குதலே காமிராவின் செயல். அம்மயக்கத்தில் இயற்பெயர் பின்தள்ளப்படுகின்றது. தொல்காப்பியர் செய்யுளுக்கு மட்டும் தந்த நெகிழ்வை ஒலிபரப்பறை தனக்கு உரிமையாக்கிக் கொள்கின்றது. செய்யுளிலாவது பெயர் பின்னர் வந்துசேரும். இங்கே அதுவும் ஒருதலையன்று.

எந்திரத்தின் செயலைத் திருத்துதல் அரிதன்று. முன்னரே நினைவில் பதித்த நிலைகளுக்குக் காமிராவைத் திருப்பும் வசதி உண்டு. அவற்றுள் ஒன்றை மேசைக்கென ஒதுக்கலாம். ஆனால் மேசைக்குக் குரல் இல்லை. குரலைப் பின்பற்றும் அமைப்பில் பேசாப் பொருள் ஒருநாளும் காட்டப்படாது. நெற்பயிர் பேசாது.

திருவையாறு

பேசாப் பொருளுக்கு வயல் ஒன்றே சான்றன்று, இசையும் சான்றாகும். திருவையாற்றில் தியாகராசர் 1847 சனவரி 6-இல் மறைந்தார். அவர் அடங்கிய இடம் பன்னாள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் பொருளால் அங்கே கோயில் எழுப்பினார். பெண்டிர் அவ்விழாவில் பாடுதற்கு இடமின்மையைப் பொறாது தனியே விழா நடத்தியவரும் அவரே. பெரிய கட்சி, சின்னக் கட்சி, பெண்கள் கட்சி என மூன்றாய்ப் பிரிந்திருந்த விழா 1940-இல் ஒன்றாயிற்று. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து பண்களில் அமைந்த கீர்த்தனங்களை ஆடவரும் பெண்டிரும் ஒருங்கே பாடும் வழக்கம் அதன்பின் நிலைபெற்றது. வானொலியும், பின்னர்த் தூர்தர்சனும் அதனை நேரடியாக நாடெங்கும் தந்தன.

வானொலியில் அதனைக் கேட்டார்க்கு ஒரு பெருங்குரல் கேட்டது. அக்குரலில் புகழ்பெற்றார் குரலும், கும்பகோணத்திலிருந்து காலைப் பேருந்தில் வந்த மாணவி குரலும் கலந்திருந்தன, பிரித்தறிய இயலாது. பாட உரிமை மறுக்கப்பட்டோர் போராடிப் பெற்ற இடம் அது என்பதனை நினையுங்கால், முகம் காட்டாக் கருவி அவ்விடத்தின் பொதுமையைக் காத்தது என்றே யாம் கருதுகின்றோம். இருமருங்கும் எதிரெதிராக அமர்ந்து பாடும் அக்கூட்டத்தின்முன் காமிராவை வைத்தால் அதன் கண் முன்வரிசையில் சென்று நிலைக்கின்றது. ஆள் இயக்குங்கால் அறிந்த முகங்களையே நாடுகின்றது. குரலைப் பின்பற்றும் எந்திரத்தை வைத்தாலோ, ஒரே காலத்தில் நூற்றுக்கணக்கானோர் பாடும் இடத்தில் அதற்கு வழியே தோன்றாது.

ஒலிபரப்பறைக் கச்சேரியில் குறை வேறுவகையாகத் தோன்றும். பாடுவோர் இராகத்தின் ஒரு பிடியைப் பாடி நிறுத்த, வயலின் அதனைத் தொடர்கின்றது. எந்திரம் உடனே வயலினாரைக் காட்டும். ஆனால் அதற்கு முந்திய நொடியில், தாம் வாசிக்காது அவர் கேட்டுக்கொண்டிருந்த நிலையில்தான் அந்தப் பிடி அவருள் புகுந்தது. கேட்டல் நிகழும் முகத்தை எந்திரம் ஒருபோதும் காட்டாது. கேட்போனிடம் ஒலி இல்லை அன்றோ? தம்பூராவைக் காட்டுதலும் அரிது; அதன் ஒலி ஓயாது நிகழ்வதாகலின், அதனைப் புறத்தொலியெனக் கணக்கிட்டுக் கழித்துவிடுவர். சுருதியின்றிப் பாட்டில்லை என்பதனை அக்கணக்கு அறியாது.

புகாரில் நிகழ்ந்ததாக இளங்கோவடிகள் கூறும் அரங்கேற்றத்தை ஈண்டு ஒப்புநோக்கலாம். அரங்கின் அளவும் வாயிலும் எழினியின் மூவகையும் கூறிய அடிகள், தூணின் நிழல் காட்சிக்கு இடையூறு ஆகாவண்ணம் விளக்கு நிறுத்துதலையும் மறந்திலர். ஆடல் தொடங்குமுன் குயிலுவக் கருவியாளர் தத்தமக்குரிய முறையில் நிற்றலையும் கூறினர். யாரைக் காணவேண்டும், எதன் நிழல் எங்கே விழலாகாது என்பது அங்கே முன்னரே எண்ணி முடிக்கப்பட்டது. காட்சி என்பது ஒலியைப் பின்தொடர்ந்து ஓடுவதன்று, தனக்கென ஓர் அமைதி உடையது என்பதனைக் காவிரி கடலோடு கலக்குமிடத்தார் அன்றே அறிந்திருந்தனர்.

கேட்போரைப் பற்றி முன்னர்க் குறித்ததனை ஈண்டு இயைத்துக் காட்டல் வேண்டும். வானொலியைக் கேட்டவன் தன் தொழிலை நிறுத்தியதில்லை. இன்றும் நாற்றுப் பறிப்பாரும், உழுபொறி ஓட்டுவாரும், பேருந்தின் ஓட்டுநரும், அடுக்களையில் இருப்பாரும், கண்ணொளி இழந்தாரும் கேட்கவே செய்கின்றனர். காட்சியோடு வரும் வானொலியும் இவர்களுக்கு வானொலியே. அதன் காட்சி இவர்களுக்கு இல்லை. அறையுள் இருப்பார் ‘இங்கே பாருங்கள்’ என்னுந்தோறும் இவர்கள் நிகழ்ச்சியினின்றும் வெளியே நிறுத்தப்படுகின்றனர். குனிந்து நாற்று நடும் மகளிர்க்குச் சேற்றினின்றும் கையெடுத்துத் திரையை நோக்கல் இயலுமா? கம்பத்து ஒலிபெருக்கி அவர்களை நிமிரச் சொன்னதில்லை.

எந்திரக் காமிராவால் எடுக்கப்படும் காட்சிகளின் அடியில் இப்போது எழுத்துப்பட்டை ஒன்று ஓடவிடப்படுகின்றது. பேசுவோர் வாயால் சொல்லாது விட்ட பூச்சியின் பெயரும் மருந்தின் அளவும் இராகத்தின் பெயரும் பக்க இசைஞர் பெயரும் அதில் எழுத்தாக வருகின்றன. கச்சேரி தொடங்குமுன் பாடுவார், வயலினார், மிருதங்கத்தார் எனப் பெயர் ஒவ்வொன்றாக நிறுத்திச் சொல்லிய அறிவிப்பாளர் குரலுக்கு ஈடாக வந்தது இப்பட்டை. பெயர் முற்றும் அழிந்ததில்லை. நாவினின்றும் நீங்கிப் பட்டைக்குக் குடிபெயர்ந்தது. பட்டையைக் காணாதார்க்கு ‘இது’ மட்டுமே எஞ்சுகின்றது.